எங்கள் மலையைக் கவிழ்த்தவர்

அந்தப் பாறை விழுந்தது எனக்குக் கல்யாணமாகி நாற்பதாவது நாள். பொழுது விடிந்து, பால் கறந்து, செம்பை எடுத்துக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்துகொண்டிருந்தேன். பூமி குலுங்கியது. மலை உச்சியிலிருந்து வீட்டளவு துண்டு ஒன்று பெயர்ந்து, புரண்டு, எங்கள் ஆட்டுப்பட்டியின் மேல் குப்புற வந்து குந்திக்கொண்டது. ஏழு ஆடுகள், பட்டியின் கல்சுவரில் பாதி, பட்டிச் சுவரோரம் கழுவிக் கவிழ்த்திருந்த, என் அப்பா சீதனமாகக் கொடுத்த ஈயம் பூசிய செம்புப் பானை, எல்லாம் அதற்கு அடியில் போயின. மாமியார் ஆடுகளுக்காக அழுதார், நான் பானைக்காக அழுதேன். மூன்றே மூன்று தடவைதான் அதில் சமைத்திருந்தேன். அப்போது தங்கே பாதாம் ஊரில் நாற்பது குடும்பங்கள். அத்தனை பேரும் அந்தப் பாறை உருண்டு வந்ததைக் கண்ணால் பார்த்தவர்கள்.

இரண்டு வருஷம் கழித்து ஷீராஸிலிருந்து டாக்டர் தாஜ்பக்ஷ் வந்தார். ஊசி போடுகிற டாக்டர் இல்லை. மலைகள் எப்படி மடிகின்றன, எங்கே உடைகின்றன என்று பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்துகிறவர். கழுத்தில் ஒரு பூதக்கண்ணாடி, இடுப்பில் ஒரு சுத்தியல். பாறையைச் சுற்றிச் சுற்றி வந்தார், தட்டினார், ஓர் இடத்தில் நக்கிக்கூடப் பார்த்தார். பிறகு எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்து, அது ஐம்பது லட்சம் வருஷமாக அதே இடத்தில் இருக்கிறது என்றார்.

அன்றைக்கே என் கம்பளத்துக்குச் சனி பிடித்தது. டாக்டர் சாப்பிட்ட கையைத் துடைத்துவிட்டு, கம்பளத்தின் ஓரத்தில் இரண்டு காலையும் வைத்து மெல்ல உந்தினார். அது அலை அலையாக எழுந்தது.

"பாத்தீங்களா, கெராமத் கான்? தெக்கேயிருந்து அரேபியா தள்ளுது. இந்தப் பக்கம் நம்ம நாடு நகர மாட்டேங்குது. நடுவுல மாட்டின பாறை என்ன பண்ணும்? மடியும். மெதுவா, லட்சக்கணக்கான வருஷம் அமுக்கினா கல்லுகூடத் துணியாட்டம் மடியும். வெடுக்குனு அமுக்கினாத்தான் உடையும்."

"முத்து முத்தாப் பேசறீங்க, டாக்டர்," என்றார் கெராமத். கெராமத் என் கணவர்.

"இன்னும் தள்ளினா?" டாக்டர் இன்னும் உந்தினார். மடிப்பு தலைசாய்ந்து தன் மேலேயே விழுந்தது. "கவுந்துடும்! அடியில இருந்தது மேல, மேல இருந்தது அடியில. உங்க மலை கவுந்த மலை."

அதோடு விடவில்லை. நான் அடுக்கி வைத்திருந்த ரொட்டியைக் காட்டி, அடியில் இருப்பது முதலில் சுட்டது, மேலே இருப்பது கடைசியாகச் சுட்டது, பாறை அடுக்கும் அப்படித்தான் என்றார். பிறகு ரொட்டி அடுக்கை அப்படியே தலைகீழாகப் புரட்டி வைத்தார். எங்கள் மலைக்கு நடந்தது அதுவாம். கடலடிச் சேற்றில் சிப்பிகள் எந்தப் பக்கமாகப் படியுமோ, அந்தப் பாறையில் அதற்கு நேர்மாறாகக் கிடக்கின்றனவாம். புரண்டு விழுந்த கல்லில் சிப்பி வேறு எப்படிக் கிடக்கும்?

"ஒண்ணே ஒண்ணு மட்டும் கேக்கணும். அந்தப் பாறை எப்பவும் அங்கேதானே இருக்கு?" என்று கெராமத்தைப் பார்த்துக் கேட்டார்.

விருந்தாளி பகலை ராத்திரி என்றால் எழுந்து போய் விளக்கேற்றுகிற மனிதர் என் கணவர். இந்தப் பக்கத்தில் எல்லோரும் அப்படித்தான், ஆனால் இவர் அதில் தலைமைப் பீடம். நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு சொன்னார்:

"அது உங்க பாறை, டாக்டர். உங்க கண்ணு பட்ட நிமிஷமே உங்களுக்குச் சொந்தமாயிடுச்சு. எத்தனை வருஷமா இருக்குன்னு நீங்க சொல்றீங்களோ, அத்தனை வருஷமா இருக்கு."

டாக்டர் நோட்டுப்புத்தகத்தில் எழுதிக்கொண்டார். என்ன எழுதினார் என்று பிறகு அவருடைய கட்டுரை அச்சாகி வந்தபோது படித்துக் காட்டினார்கள். 'உள்ளூர் மக்களும் இதை உறுதிப்படுத்துகின்றனர்.'

அவர் வண்டி கிளம்பியதும் கெராமத்தைப் பிடித்துக்கொண்டேன்.

"இப்படி வாய் கூசாமப் பொய் சொல்லிட்டீங்களே!"

"சோத்துல கை வெச்சிருக்கிற மனுஷன்கிட்ட 'நீ சொல்றது தப்பு'ன்னு சொல்லச் சொல்றியா, சனோபர்? ஒரு கல்லுதானே. சந்தோஷமாப் போகட்டும் விடு."

டாக்டர் சந்தோஷமாகத்தான் போனார். கவிழ்ந்த மலையைக் கண்டுபிடித்தவர் என்று பெயர் வந்தது, பேராசிரியர் பதவி வந்தது. ஒவ்வொரு வசந்த காலத்திலும் பஸ் நிறைய மாணவர்கள் வந்தார்கள். பாறையோடு நின்று படம் எடுத்துக்கொண்டு, எங்கள் வீட்டில் சாப்பிட்டு, என் கம்பளத்தை ஆளுக்கொரு தரம் காலால் உந்தி மலை செய்து பார்த்தார்கள். மூன்று கம்பளம் ஓரம் கிழிந்து போயிற்று. ஒரு வருஷம் ஒரு மாணவி மலை மேலே ஏறி முப்பத்தோரு இடத்தில் பார்த்துவிட்டு, எல்லா இடத்திலும் அடுக்கு நேராகத்தான் இருக்கிறது என்று வந்து சொன்னாள். "அப்போ முப்பத்தோரு இடத்துல தப்பாப் பாத்திருக்கே," என்றார் டாக்டர். அந்தப் பெண் மறு வருஷம் வரவில்லை.

நானும் யோக்கியம் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். பாறையைப் பார்க்கப் பெரிய மனிதர்கள் வருகிறார்கள் என்றுதான் எங்களுக்குத் தார் ரோடு போட்டார்கள். 'ஐம்பது லட்சம் ஆண்டுகளாக இதே இடத்தில்' என்று பித்தளைப் பலகை ஒன்றும் நட்டார்கள். ரோடு வந்த பிறகு பிரசவத்துக்குக் கழுதை மேல் போக வேண்டியதில்லை. மலை நிமிர்ந்து நின்றால் என்ன, கவிழ்ந்து கிடந்தால் என்ன, ஆடு ஏறப்போகிறது என்று நானும் வாயை மூடிக்கொண்டேன்.

பிறகு மழை பொய்த்தது. ஒரு வருஷம் இல்லை, ஆறு வருஷம். ஊற்று வற்றியது. வாதுமை மரங்கள் நின்ற நிலையில் காய்ந்தன. வாரத்துக்கு இரண்டு தடவை லாரியில் தண்ணீர் வரும், அதிலும் ஒரு தடவை வராது. பதினொரு குடும்பங்கள் ஊரைக் காலி செய்தன. கடைசியில் தண்ணீர் இலாகா ஒரு போர் போட ஒப்புக்கொண்டது. ஒன்றே ஒன்று. மொத்தம் இருநூறு மீட்டர், அதற்கு மேல் ஒரு சாண் கிடையாது. தண்ணீர் வராவிட்டால் மிச்சமிருக்கும் இருபத்தொன்பது குடும்பங்களையும் நகரத்தின் ஓரத்தில் பெட்டி பெட்டியாகக் கட்டியிருக்கும் வீடுகளுக்கு மாற்றிவிடுவார்கள். யாருக்கு எந்தப் பெட்டி என்று பட்டியல்கூடப் போட்டுவிட்டார்கள். எனக்குப் பதினேழாம் எண். ஆடு வைத்துக்கொள்ள அனுமதி இல்லை.

போரை எங்கே போடுவது? வேறு யாரைக் கேட்பார்கள்? டாக்டர் தாஜ்பக்ஷ் வந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. கிழக்குப் பள்ளத்தில் நீலக் களிக்கல் மேல் முளைக்குச்சி அடித்தார். இந்த மலையில் தண்ணீர் பிடித்து வைப்பது சுண்ணாம்புப் பாறை ஒன்றுதான். நீலக் களி சொட்டு நீர் கொடுக்காது. நிமிர்ந்த மலையில் களி அடியில் இருக்கும், சுண்ணாம்பு அதற்கு மேல் இருக்கும். அப்படியானால் களியைத் துளைத்துக்கொண்டே போனால் களிதான். ஆனால் மலை கவிழ்ந்தது அல்லவா? ஆகவே களிக்கு அடியில் சுண்ணாம்பும் தண்ணீரும் இருந்தே தீர வேண்டும். நூற்றைம்பது மீட்டரில் வரும் என்றார்.

மறுநாள் காலை, தோல்பையில் தயிரை ஆட்டிக் கடைந்தபடியே கெராமத்திடம் பாய்ந்தேன்.

"இப்பவாவது சொல்லுங்க! மலை நேராத்தான் நிக்குது, அந்தக் கல்லு விழுந்த கல்லுன்னு சொல்லுங்க. ரெண்டு வார்த்தை."

"இருபத்தெட்டு வருஷமா 'ஆமா டாக்டர்'னு சொல்லிட்டு, இன்னைக்குப் போய் எப்படி..."

"பதினேழாம் நம்பர் பெட்டியில உக்காந்துக்கிட்டு 'ஆமா டாக்டர்'னு சொல்லப் போறீங்களா?"

மெதுவாக அமுக்கினால் கல்லே மடியும் என்று டாக்டர் சொன்னார். இந்த மனிதர் பிறந்ததிலிருந்து மடிந்துகொண்டே வந்திருக்கிறார். ஆனாலும் நான் கத்தியதில் கொஞ்சம் உறைத்திருக்க வேண்டும். ஊர்ப் பெரியவர்கள் மூன்று பேரைக் கூப்பிட்டு டாக்டரின் கூடாரத்துக்கு அனுப்பினார். அரை மணியில் திரும்பி வந்தார்கள். ஒருவர் மகன் கல்யாணத்துக்கு டாக்டரை அழைத்திருந்தார். ஒருவர் ஒரு கிடாயைக் காணிக்கையாக ஒப்புக்கொண்டிருந்தார். மூன்றாமவர் பித்தளைப் பலகைக்கு மாலை போடலாம் என்று யோசனை சொல்லிவிட்டு வந்திருந்தார்.

"பாறை விழுந்ததுன்னு சொன்னீங்களா இல்லையா?" என்றேன்.

"சொல்லத்தான் வாயெடுத்தோம், சனோபர். அவர் எழுந்து வந்து எங்க முதுகுக்குத் தன் கையால தலகாணி வெச்சாரு. அதுக்கப்புறம் எப்படிச் சொல்றது?"

போர் வண்டி வந்தது. அதன் மேஸ்திரி உஸ்தா பைராம், தப்ரீஸ் பக்கத்துத் துருக்கியர். மரியாதை என்பதை அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. முதல் நாள் "இன்னும் கொஞ்சம் சாப்பிடுங்க" என்றேன். உடனே சாப்பிட்டார். மறுபடி சொன்னேன். "போதும்னா போதும், பாஜி, சும்மா நச்சரிக்காதே," என்றார். பாஜி என்றால் அவர் பாஷையில் அக்கா. கெராமத் வெலவெலத்துப் போனார். எனக்கு அந்த மனிதரைப் பிடித்துவிட்டது.

நாள் ஒன்றுக்குப் பதினைந்து மீட்டர் இறங்கியது. முப்பது மீட்டரில் நீல மாவு வந்தது. அறுபதில் நீல மாவு. தொண்ணூறிலும் அதே நீல மாவு.

"என்ன உஸ்தா, சுண்ணாம்பு தெரியுதா?" என்று தினமும் போய்க் கேட்பேன்.

"பாஜி, நான் முப்பது வருஷமா ஓட்டை போடறேன். இது களி. இதுக்குக் கீழேயும் களிதான். ஆனா காகிதத்துல இங்க போடச் சொல்லியிருக்கு. காகிதம் நரகத்துல போடச் சொன்னாலும் போடுவேன்."

ஒவ்வொரு மீட்டராகத் துளைமுனை இறங்கியது. அது களிக்குள் போகவில்லை, எங்கள் ஊருக்குள்தான் போய்க்கொண்டிருந்தது.

எட்டாம் நாள் மதியம் எங்கள் வீட்டில் சாப்பாடு. டாக்டர், தண்ணீர் இலாகா இன்ஜினியர், உஸ்தா பைராம், கெராமத், அந்த மூன்று பெரியவர்கள். நான் சோற்றுத் தட்டை வைத்துக்கொண்டிருந்தேன்.

இன்ஜினியர் சோற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "நூத்திப் பத்து மீட்டர் ஆயிடுச்சு, டாக்டர். தப்பா நெனைக்காதீங்க... இன்னும் களிதான் வருது."

"வரும்," என்றார் டாக்டர். "பொறுமையா இருங்க. பாறை பொய் சொல்லாது."

எனக்குள் என்னவோ படக்கென்று விட்டுப்போயிற்று. தட்டை டங்கென்று கீழே வைத்தேன்.

"பாறை பொய் சொல்லல, டாக்டர். நாங்கதான் சொன்னோம். அது மேலேயிருந்து உருண்டு வந்த கல்லு. என் கல்யாணத்துக்கு நாப்பதாம் நாள் விழுந்துச்சு. அதுக்கடியில என் சீதனப் பானை கிடக்குது. உங்க மலை கவுந்ததும் இல்ல, ஒண்ணும் இல்ல."

எல்லாத் தலையும் கெராமத் பக்கம் திரும்பியது. 'என் மனைவிக்குச் சித்தப்பிரமை' என்று சொல்லப்போகிறார் என்றே நினைத்தேன். அவர் எழுந்தார். முகம் மாதுளம்பழமாகச் சிவந்திருந்தது. நெஞ்சில் கை.

"டாக்டர், நீங்க சொன்ன மாதிரி பாறை எப்பவும் அங்கேதான் இருக்கு. தப்பு எங்க பானை மேல. முப்பது வருஷத்துக்கு முன்னாடி ஒரு நாள் காலையில மரியாதை தெரியாம அது போய் உங்க பாறைக்கு அடியில படுத்துக்கிச்சு. ஏழு ஆடும் கூடவே போச்சு. நாங்கதான் தடுத்திருக்கணும். மன்னிச்சுக்கணும்."

உஸ்தா பைராம் சிரித்த சிரிப்பில் சோற்றுப் பருக்கை விரிப்பெல்லாம் தெறித்தது. டாக்டர் சிரிக்கவில்லை. கரண்டியை வைத்துவிட்டு எழுந்து வெளியே போனார். நான் கடப்பாரையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன்.

பாறையின் வடக்கு ஓரத்தில் முட்செடியை ஒதுக்கி நெம்பினேன். முதலில் பட்டிச் சுவரின் கல் தெரிந்தது. ஒரு முழம் உள்ளே பச்சையேறிய செம்பு. டாக்டர் மண்டியிட்டு, சுத்தியலால் சுற்றிலும் கிளறி, ஒரு துண்டை வெளியே எடுத்தார். பானை நாலாக மடிந்திருந்தது. பூதக்கண்ணாடியை எடுத்துப் பார்த்தார்.

"அருமையான மடிப்பு," என்றார். அவரால் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"டாக்டர்!"

அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். "இந்தச் சுவரை நான் முன்னாடியே பாத்திருக்கேன், கானும்." அம்மா என்பதை அவர் அப்படித்தான் சொல்வார். " மூணாவது வருஷம் வந்தப்போ. கல்லு மேல கல்லு, நடுவுல மண்ணு. மனுஷன் கட்டின சுவர்னு பாத்ததுமே தெரிஞ்சுது. கெராமத் கானைக் கூட்டிட்டு வந்து காட்டினேன். 'இது என்ன?'ன்னேன். 'நீங்க என்ன சொல்றீங்களோ அதுதான்'னாரு. அவ்ளோ பெரிய மனுஷன் வீட்டுல சோறு தின்னுட்டு, அவரைப் பொய்யன்னு எப்படி நெனைக்கிறது?"

"மரியாதைக்காக மட்டும்தானா?" என்றேன்.

செம்புத் துண்டைக் கீழே வைத்தார். "அந்த வருஷம்தான் எனக்குப் பேராசிரியர் பதவி வந்திருந்துச்சு," என்றார், மண்ணைப் பார்த்துக்கொண்டு.

எனக்கு அவரை அடிக்க வேண்டும் போல இருந்தது. கையில் கடப்பாரை வேறு இருந்தது. வீட்டுக்குள் இருக்கிற அந்த இன்னொருவரையும் சேர்த்து அடிக்க வேண்டும் போல இருந்தது.

"முளைக்குச்சியை எங்க மாத்தறீங்க?" என்றேன்.

"மாத்தினா, மலை நேராத்தான் நிக்குதுன்னு என் கையாலேயே எழுதிக் கொடுத்த மாதிரி. இருபத்தெட்டு வருஷம், கானும்!"

"உங்களுக்கு வருஷம். எனக்கு இருபத்தொன்பது குடும்பம்."

எழுந்தார். கிழக்குப் பள்ளத்துக்கு நடந்து, தன் கையாலேயே முளையைப் பிடுங்கினார். மேற்கே அத்திமரங்களுக்குப் பக்கத்தில், மலையின் சுண்ணாம்புப் பாறை மண்ணுக்குள் இறங்குகிற இடத்தில் கொண்டுபோய் அடித்தார். அந்த ஒரு காரியத்துக்காக அவரை நான் இன்றைக்கும் பாதி மன்னிக்கிறேன்.

உஸ்தா பைராம் வண்டியை அங்கே நகர்த்தினார். இருநூறில் மிச்சமிருந்தது தொண்ணூறு. எண்பத்திரண்டு வரை கூழாங்கல்லும் மண்ணும். எண்பத்து மூன்றில் வெள்ளை மாவு வந்தது. சுண்ணாம்பு! ஊரே வண்டியைச் சுற்றி நின்றது. எண்பத்தெட்டில் மாவு ஈரமாக வந்தது. எண்பத்தொன்பதரையில் இன்ஜினியர் கணக்குத் தாளை எடுத்தார்.

"தொண்ணூறு ஆனதும் நிறுத்திடணும். உத்தரவு அப்படி. மேல போடணும்னா பெரியவங்க யாராவது சொன்னாத்தான்..."

பெரியவர்கள் எல்லோரும் அங்கேதான் நின்றார்கள். டாக்டர் இன்ஜினியரைப் பார்த்து "நீங்க சொல்லுங்க" என்றார். இன்ஜினியர், "உங்க முன்னாடி நான் யாரு?" என்றார். கெராமத், "ரெண்டு பேர் சித்தமும் எதுவோ..." என்று ஆரம்பித்தார். ஒருவருக்கொருவர் வழிவிட்டுக்கொண்டு வாசலிலேயே நிற்கிற விருந்தாளிகள் மாதிரி நின்றார்கள்.

உஸ்தா பைராம் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். "பாஜி, எனக்குக் கணக்கு வராது. தொண்ணூறு ஆனதும் நீ கையைக் காட்டு, நிறுத்தறேன்."

நான் இரண்டு கையையும் முந்தானைக்குள் கட்டிக்கொண்டேன். தொண்ணூறு ஆயிற்று. தொண்ணூற்றைந்து ஆயிற்று. தொண்ணூற்றேழில் குழாய் ஒருமுறை உறுமிவிட்டு, அத்திமரத்துக்கு மேலே தண்ணீரைப் பீய்ச்சியது. பெண்கள் குலவையிட்டார்கள். நான் விக்கி விக்கி அழுதேன். இன்ஜினியர் நனைந்த காகிதத்தில் 'மொத்தம் இருநூறு மீட்டர்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

இரண்டு மாதம் கழித்துத் திறப்பு விழா. பந்தல், ஒலிபெருக்கி, ஆளுநர் அலுவலகத்திலிருந்து இரண்டு பேர். டாக்டர் தாஜ்பக்ஷ் புதுக் கோட்டில் வந்திருந்தார். அதற்குள் இன்னொரு கட்டுரை எழுதி, எங்கள் மலையை நிமிர்த்தி வைத்துவிட்டார். கவிழ்த்ததற்குக் கிடைத்ததைவிட நிமிர்த்தியதற்கு அதிகப் பாராட்டாம். ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"இந்த எளிய மக்களோட அனுபவ அறிவு பெரிய புதையல். அந்தப் பாறை இடம் மாறி விழுந்ததுங்கிற உண்மை இவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. ஆனா, அவங்களுக்கே உரிய கூச்சத்தால சொல்லாம இருந்துட்டாங்க. ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லியிருந்தா, விஞ்ஞானத்துக்கு இருபத்தெட்டு வருஷம் மிச்சமாயிருக்கும்."

எல்லோரும் கை தட்டினார்கள். எங்கள் பெரியவர்கள் மூன்று பேரும்தான் முதலில் தட்டினார்கள், வெட்கத்தோடு தலையை ஆட்டிக்கொண்டே. என் காதெல்லாம் கொதித்தது. எழுந்து நின்றேன்.

"மூணாவது வருஷமே சுவரைப் பாத்தேன்னு சொன்னீங்களே, டாக்டர்?"

கைத்தட்டல் அறுந்து நின்றது. ஆளுநர் அலுவலகத்துக்காரர்கள் டாக்டரைப் பார்த்தார்கள். டாக்டர் கெராமத்தைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் பழக்கமானது. 'கெராமத் கான், ஏதாவது நல்லதாகச் சொல்லுங்கள்' என்கிற பார்வை.

கெராமத் எழுந்தார். கை நெஞ்சுக்குப் போகவில்லை, தொங்கிக்கொண்டிருந்தது.

"பாத்தாரு," என்றார். "என்னைக் கேட்டாரு. நான் பொய் சொன்னேன். பொய்னு அவருக்கும் தெரியும். நூத்திப் பத்து மீட்டர் களியில வீணாப் போனது, ஊரே காலியாகப் பாத்தது, எங்க ரெண்டு பேராலதான்."

சொல்லிவிட்டு உட்கார்ந்தார். 'உங்க சித்தம்' இல்லை, மன்னிப்பு இல்லை, டாக்டர் என்கிற வார்த்தைகூட இல்லை. முப்பது வருஷத்தில் அந்த மனிதர் ஒரு விருந்தாளி முன்னால் அவ்வளவு மரியாதை கெட்டுப் பேசி நான் கேட்டதில்லை. அன்றைக்குத்தான் எனக்கு அவர்மேல் மரியாதை வந்தது.